காரைக்குடியில் அறிவியல் செய்திப் பயிற்சி: புதிதாக நடத்த வருவோருக்கு

மாவட்ட நிருபர்களுக்கு அறிவியல் செய்தி எழுதப் பயிற்சி தர வேண்டும் என்ற எண்ணம் ஓய்வுபெற்ற விஞ்ஞானிக்கு வரலாம், கல்லூரி ஆசிரியருக்கு வரலாம், மதுரையிலோ சென்னையிலோ செய்திப் பிரிவில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய துணை ஆசிரியருக்கும் வரலாம். எண்ணம் வந்ததும் பெரும்பாலோர் ஒரு மண்டபத்தைப் பிடித்து, நான்கு பேராசிரியர்களை அழைத்து, ஆளுக்கு ஒரு மணி நேரம் பேசவைத்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட கூட்டங்களில் நானும் பேசியிருக்கிறேன். மறுநாள் நாளிதழ்களில் வந்தது கூட்டம் நடந்த செய்தி மட்டுமே. பிறகு செட்டிநாட்டில் சிறு குழுக்களோடு வேறு விதமாகச் செய்து பார்த்ததில் தேறியவற்றை, இந்த வேலையைப் புதிதாக எடுத்துக்கொள்வோருக்காக எழுதுகிறேன்.

காரைக்குடி இதற்கு ஏற்ற ஊர். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், ஊர்க்காரர்கள் சொல்லும் ‘சிக்ரி’, பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் போகும் தொலைவில் இருக்கிறது. மின்கலம், துருப்பிடித்தல், உலோகப் பூச்சு என்று நம் வீட்டு இன்வெர்ட்டர் முதல் பாம்பன் பாலம் வரை தொடும் விஷயங்கள் அங்கே ஆராயப்படுகின்றன. இருந்தும் இப்பகுதி நிருபர்களில் பலர் அதற்குள் போயிருப்பது, யாராவது அமைச்சர் வந்த நாளில் மட்டுமே.

ஆளும் நாளும்

பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். அவர்களில் பாதிப் பேராவது பகுதிநேர நிருபர்களாக இருக்கட்டும். தேவகோட்டையிலோ திருப்பத்தூரிலோ கடை வைத்துக்கொண்டு, கும்பாபிஷேகம், சாலை விபத்து, குறைதீர்க்கும் கூட்டம் எல்லாவற்றையும் ஒரே ஆளாக அனுப்பும் அவர்கள்தான் ‘கண்மாயில் மீன்கள் செத்து மிதந்தன’ என்ற செய்தியையும் முதலில் எழுதுகிறார்கள். அறிவியல் பக்கம் என்று தனியாக ஒன்று அவர்களுடைய நாளிதழில் இருக்காது. ஆனால் அவர்கள் அனுப்பும் செய்திகளில் கணிசமானவற்றில் அறிவியல் பெயர் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. இதை முதல் நாளே உணர்த்தினால், ‘நமக்கு எதற்குச் சார் விஞ்ஞானம்’ என்ற தயக்கம் பாதி போய்விடும்.

அடுத்தடுத்த இரண்டு வார இறுதிகள், மொத்தம் நான்கு நாட்கள் போதும். தையில் சிராவயல் மஞ்சுவிரட்டு, மாசி பங்குனியில் முத்துமாரியம்மன் கோயில் திருவிழா, ஆவணியில் பிள்ளையார்பட்டிச் சதுர்த்தி ஆகிய நாட்களைத் தவிருங்கள். அப்போது எந்த நிருபரும் வர மாட்டார், வந்தாலும் மனம் கைப்பேசியில் இருக்கும். தினமும் மாலை நான்கு மணிக்கு முடித்துவிடுவது நல்லது, ஏனென்றால் அன்றைய செய்தியை அனுப்பும் நேரம் அதற்குமேல்தான் தொடங்குகிறது.

முதல் நாள்: மூன்று தம்ளர் தண்ணீர்

பேச்சோடு தொடங்காதீர்கள். மேசைமேல் மூன்று தம்ளர் வையுங்கள்: ஒன்றில் ஊருணித் தண்ணீர், ஒன்றில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், மூன்றாவதில் கேனில் வாங்கிய தண்ணீர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை நிருபர்களிடமே கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொருவரும் நான்கு வரிச் செய்தி எழுத வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் 900 காட்டியது என்று வைத்துக்கொள்வோம். ‘குடிக்கத் தகுதியற்ற நச்சு நீர்’ என்று இரண்டு பேராவது எழுதுவார்கள். கேன் தண்ணீர் ‘மிகத் தூய்மையானது’ என்று எல்லோருமே எழுதிவிடக்கூடும்.

இப்போது கேளுங்கள்: இந்தக் கருவி எதை அளந்தது? உண்மையில் அது அளப்பது தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை மட்டுமே. அந்த அளவை ஒரு குணகத்தால் பெருக்கி, கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று மதிப்பிட்டுக் காட்டுகிறது. தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. ஃபுளோரைடு எவ்வளவு, ஆர்செனிக் எவ்வளவு என்பதும் தெரியாது. சாக்கடை கலந்த மழைநீர் குறைந்த எண்ணைக் காட்டிப் பாதுகாப்பானதுபோல நடிக்கக்கூடும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. ஃபுளோரைடுக்கு இந்த எல்லைகள் 1.0, 1.5 மில்லிகிராம். ஈ.கோலை பாக்டீரியாவோ 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூடத் தென்படக் கூடாது. ஆகவே 900 என்பது சுவை குறைந்த, கவனிக்க வேண்டிய, ஆனால் நஞ்சு என்று தலைப்பிட முடியாத எண்.

இந்த ஒரு பயிற்சிக்கு அரை நாள் ஆனாலும் கவலைப்படாதீர்கள். ‘எதை அளந்தார்கள், எப்படித் தெரியும்?’ என்ற கேள்வி இங்கே கைக்குள் வந்துவிட்டால், மீதிப் பயிற்சி முழுவதும் அதே கேள்வியை வேறு வேறு இடங்களில் கேட்டுப் பழகுவதுதான்.

பிற்பகலில் அதைக் கீழடிக்குக் கொண்டுபோங்கள். நம் மாவட்டச் செய்தி. இங்குள்ள நிருபர்களில் பலர் ஒருமுறையாவது அதை எழுதியிருப்பார்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆறு கரிம மாதிரிகள் அமெரிக்காவில் மயாமி நகரிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன, 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரியின் காலம் கி.மு. 580 என வந்தது. இங்கேயும் எதை அளந்தார்கள்? மாதிரியில் எஞ்சியிருக்கும் கரிமம்-14இன் அளவை. அதன் பாதி 5730 ஆண்டுகளில் சிதைந்துவிடும் என்பதை வைத்து, அந்த உயிர்ப்பொருள் எப்போது இறந்தது என்று கணக்கிடுகிறார்கள். அங்கே கிடைத்த பானை ஓடுகளை நேரடியாக அளக்கவில்லை; அதே மண்ணடுக்கில் கிடந்த கரிமப்பொருளை அளந்து, அடுக்கின் வழியாக ஓடுகளுக்குக் காலம் சொல்கிறார்கள். போதாக்குறைக்கு, கி.மு. 800க்கும் 400க்கும் இடைப்பட்ட காலத்தில் கரிமம்-14 அளவை நாட்காட்டி ஆண்டாக மாற்ற உதவும் திருத்தக் கோடு ஏறக்குறையத் தட்டையாகிவிடுவதால், அந்த நூற்றாண்டுகளில் ஓர் ஆண்டைக் குறிப்பாகச் சொல்வது கடினம் என்பது இத்துறையினர் அனைவரும் அறிந்தது. இதையெல்லாம் எழுதினால் கீழடியின் பெருமை குறைந்துவிடும் என்று ஒரு நிருபர் என்னிடம் வருத்தப்பட்டார். எப்படிக் கண்டறிந்தார்கள் என்று தெரிந்த வாசகர், யாராவது மறுத்துப் பேசும்போது பதில் சொல்லத் தெரிந்தவராகவும் இருப்பார் என்றேன். அவர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை, அதுவும் சரிதான்.

இரண்டாம் நாள்: ஆய்வுக் கட்டுரையும் செய்திக் குறிப்பும்

ஓர் ஆய்வுக் கட்டுரையையும் அதைப் பற்றி நிறுவனம் வெளியிட்ட செய்திக் குறிப்பையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கம் வைத்துக் கொடுங்கள். கட்டுரையை முதல் வரியிலிருந்து படிக்கச் சொல்லாதீர்கள். யாருக்கும் புரியாது, புரியாததற்கு அவர்கள் தம்மையே நொந்துகொள்வார்கள். முதலில் சுருக்கம், பிறகு நேராக முடிவுரையில் ஆய்வாளர்கள் தம் குறைகளை ஒப்புக்கொள்ளும் பத்தி, அதன்பின் ஆய்வுமுறை, கடைசியில் யார் பணம் கொடுத்தார்கள் என்ற சிறு எழுத்து வரி. ஆய்வுமுறையில் தேட வேண்டியவை சில: எலியிலா, மனிதரிலா, சோதனைக் குழாயிலா? எத்தனை பேர்? ஒப்பிட்டுப் பார்க்க மருந்து கொடுக்காத குழு இருந்ததா? செய்திக் குறிப்பில் இருந்து கட்டுரையில் இல்லாத சொற்களைச் சிவப்பு மையால் வட்டமிடச் சொல்லுங்கள். ‘புரட்சி’, ‘உலகிலேயே முதன்முறை’, ‘விரைவில் சந்தைக்கு’ ஆகியவை பெரும்பாலும் சிவப்பாகும்.

கட்டுரை வருமுன் செய்தி வந்தால் என்ன ஆகும் என்பதற்கு மின்வேதியியல் ஊரில் சொல்லத் தகுந்த கதை ஒன்று உண்டு. 1989 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஃப்ளைஷ்மன், பான்ஸ் என்ற இரண்டு மின்வேதியியலாளர்கள் செய்தியாளர்களைக் கூட்டி, கனநீரில் பல்லேடியம் மின்முனையை வைத்து மின்சாரம் செலுத்தியதில் சூரியனுக்குள் நடப்பதுபோன்ற அணுக்கரு இணைவு அறை வெப்பநிலையிலேயே நடந்தது என்று அறிவித்தார்கள். கட்டுரை வெளியாகிப் பிற ஆய்வாளர்கள் அதைப் படித்துப் பார்க்கும் முன்பே உலக நாளிதழ்களின் முதல் பக்கம் நிரம்பியது. சில வாரங்களுக்குள் மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்து முடியாமல் கைவிட்டன. 2023 ஜூலையில் தென் கொரியாவிலிருந்து எல்கே-99 என்ற ‘அறை வெப்பநிலை மீக்கடத்தி’ (மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்) வந்தபோதும் அதே கதைதான், இம்முறை மதிப்பீட்டுக்கு முந்தைய இணைய வரைவு வடிவில். டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல இடங்களில் செய்து பார்த்து, அப்படி எதுவும் இல்லை என்றார்கள்.

நம்மூருக்கு, தண்ணீரில் மூலிகை போட்டுக் காய்ச்சிப் பெட்ரோல் எடுப்பதாக ராமர் பிள்ளை சொன்ன 1996இன் மூலிகைப் பெட்ரோல் போதும். தமிழ்நாடே அதைப் பேசியது, ஆதரவாகத் தலையங்கம் எழுதினார்கள், சந்தேகப்பட்டவர்கள் துரோகிகள் ஆனார்கள். 2016இல் நீதிமன்றம் அதை மோசடி என்று கண்டு தண்டனை விதித்தது. ஊற்றிய தண்ணீரின் எடை என்ன, கிடைத்த எரிபொருளின் எடை என்ன, பாத்திரமும் கலக்கும் கோலும் யாருடையவை, வேறொருவர் தம் கையால் செய்தாரா என்று நான்கு கேள்விகளைப் பயிற்சிக்கு வந்தவர்களே கண்டுபிடிக்கட்டும். அதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை.

முதல் தெரியாமல் வட்டி பேசாதே

எண்களுக்கு ஒரு பிற்பகல் ஒதுக்குங்கள். வட்டிக்கணக்கு தெரிந்த நகரத்தார் நாட்டில் சதவீதம் கற்றுத்தருவதற்கு வேறு உவமை தேட வேண்டியதில்லை. ‘18 சதவீதம் கூடும்’ என்றால், வீட்டுக் கணக்கைத் தம் கையில் வைத்திருந்த எந்த ஆச்சியும் உடனே கேட்பார்: எதன் மேல் 18?

2015 அக்டோபரில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் உண்பவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடுகிறது என்று சொன்னது. உதாரணத்துக்கு, நூறு பேரில் ஐந்து பேருக்கு வாழ்நாளில் அந்த நோய் வரும் ஊர் ஒன்று இருப்பதாகக் கொண்டால், அந்த ஐந்து ஏறக்குறைய ஆறாகும். நூறில் பதினெட்டு பேருக்கு வரும் என்று பொருளில்லை. பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் முகமை வைத்ததால், இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று எழுதியவர்களும் உண்டு. அந்தப் பிரிவு, புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குச் சான்று எவ்வளவு உறுதி என்பதைக் காட்டுகிறதே தவிர, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதைக் காட்டவில்லை. ஆட்டுக்கறி போன்ற சிவப்பு இறைச்சி அதற்கு அடுத்த ‘2ஏ’ பிரிவில் இருந்தது. செட்டிநாட்டு மெஸ்ஸில் சுக்கா சாப்பிட்டுக்கொண்டே இந்தச் செய்தியைத் திருத்தி எழுதப் பழகினால் மறக்காது என்பது என் அனுபவம்.

மில்லியன் என்றால் பத்து லட்சம், பில்லியன் என்றால் நூறு கோடி, ஒளியாண்டு தூரத்தின் அளவு, கிலோவாட் வேறு கிலோவாட்-மணி வேறு: இவற்றை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டால் போதும், வகுப்பு வேண்டாம்.

மூன்றாம் நாள்: ஆய்வகத்துக்குள்

சிக்ரிக்குள் போக அனுமதி கேட்கும் கடிதத்தை ஒரு மாதம் முன்பே கொடுங்கள். எந்த அறையில் படம் எடுக்கலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். எந்தப் பிரிவைப் பார்க்கப் போகிறீர்களோ அதைப் பற்றி இரண்டு பக்கக் குறிப்பை முதல் நாளே நிருபர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால், சிக்ரியின் தாய் அமைப்பான அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் நிறுவன நாளான செப்டம்பர் 26, தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28 ஆகியவற்றையொட்டிப் பொதுமக்களை உள்ளே விடும் வாய்ப்பு இருக்கிறதா என்று விசாரித்து அந்நாளைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மின்கலம் பற்றி ஒரு விஞ்ஞானி பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புதிய மின்முனைப் பொருள் ஒன்று கிராமுக்கு இத்தனை மில்லி ஆம்பியர்-மணி தேக்குகிறது என்பார். நிருபர் ‘ஒருமுறை சார்ஜ் செய்தால் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டர்’ என்று எழுதிவிடும் அபாயம் சரியாக இங்கேதான் இருக்கிறது. கேட்க வேண்டியவை: இது சட்டைப் பொத்தான் அளவுள்ள சோதனைக் கலத்தில் அளந்ததா, முழு மின்கலத்திலா? அந்தக் கிராம் கணக்கில் உறையும் மறு மின்முனையும் சேர்ந்திருக்கின்றனவா? எத்தனை முறை ஏற்றி இறக்கிய பிறகு கொள்ளளவு 80 சதவீதமாகக் குறைந்தது? நம்மூர்ச் சித்திரை வெயிலில் வைத்துப் பார்த்தார்களா? ஆய்வுமேசையிலிருந்து கடைக்கு வரும் பாதையை ஒன்பது படிகளாகப் பிரிக்கும் வழக்கம் தொழில்நுட்ப உலகில் இருப்பதால், ‘இப்போது எந்தப் படியில் இருக்கிறீர்கள்?’ என்று கேட்டாலே விஞ்ஞானி தாமாகவே அடக்கமாகப் பேசத் தொடங்குவார்.

கேள்வி கேட்கும் பாங்கும் பழக வேண்டியது. நம்மூர் நிருபர்கள் கலெக்டரிடமே கூச்சமில்லாமல் கேட்பார்கள்; வெள்ளை அங்கி போட்டவரைக் கண்டால் மட்டும் ‘சரிங்க சார், சரிங்க சார்’ என்று எழுதிக்கொண்டே போவார்கள். ‘எனக்குப் புரியலை சார், இன்னொரு தடவை சொல்லுங்க’ என்ற வாக்கியத்தை ஒவ்வொருவரும் அன்று மூன்று முறையாவது சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள். பிறகு, தாம் புரிந்துகொண்டதைத் தம் சொந்தத் தமிழில் விஞ்ஞானியிடமே திருப்பிச் சொல்லி, ‘சரிதானா?’ என்று கேட்கட்டும். தவறுகளில் பெரும்பகுதி அந்த ஒரு நிமிடத்தில் உதிர்ந்துவிடும்.

நான்காம் நாள்: தமிழ்

இந்த நாளைக் கலைச்சொல் பட்டியலுக்குச் செலவழிக்காதீர்கள். ஆக்சிஜனா, பிராணவாயுவா, உயிர்வளியா என்ற விவாதம் சுவையானது, ஆனால் மாலைவரை நீளும். ஒரு செய்திக்குள் ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள் என்று முடித்துவிடலாம். அதைவிடக் கவனிக்க வேண்டியது நம் இலக்கணம். தமிழில் காரணம் ஓர் உருபுக்குள் ஒளிந்து நுழைந்துவிடும். ‘காபி குடிப்பவர்கள் நீண்ட நாள் வாழ்வதாக ஓர் ஆய்வு கண்டது’ என்பதற்கும், ‘காபி குடிப்பதால் ஆயுள் கூடும்’ என்பதற்கும் இடையில் இருப்பது ஒரு ‘ஆல்’தான், ஆனால் முதலாவது கவனித்துப் பார்த்தது, இரண்டாவது நிரூபித்தது. பழைய செய்திகளை எடுத்து ‘ஆல்’ வரும் இடங்களை அடிக்கோடிடச் சொல்லுங்கள். அந்த ‘ஆல்’ நிற்கத் தகுந்ததா என்பதை ஒவ்வொன்றாகப் பேசுங்கள்.

‘கண்டுபிடிப்பு’ என்ற சொல்லும் அப்படியே. ஏற்கெனவே இருந்த ஒன்றைக் கண்டறிவதையும், இல்லாத ஒன்றை உருவாக்குவதையும் அதே சொல்லால் குறிக்கிறோம். எது நடந்தது என்பதை வாக்கியம் சொல்ல வேண்டும். ‘கூறப்படுகிறது’, ‘தெரியவந்துள்ளது’ என்று எழுதினால் சொன்னவர் காணாமல் போகிறார். ‘விஞ்ஞானிகள் அதிர்ச்சி’ என்று எழுதுமுன் அதிர்ந்தவர் பெயரைக் கேளுங்கள்.

‘மர்மக் காய்ச்சல்’ என்ற தொடரைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும். ஒரு கிராமத்தில் இருபது பேர் காய்ச்சலில் படுத்திருந்தால், பெரும்பாலும் இன்னும் பரிசோதனை முடிவு வரவில்லை என்பதுதான் நிலை. டெங்கு போன்ற நோயிலேயே முதல் ஐந்து நாட்களில் ஒரு வகைப் பரிசோதனையும் அதன்பின் வேறு வகையும் தேவைப்படுகின்றன. தவறான நாளில் எடுத்தால் ‘இல்லை’ என்று வரலாம். ‘காரணம் இன்னும் கண்டறியப்படவில்லை, மாதிரிகள் இன்ன நாளில் எடுக்கப்பட்டன, முடிவு இன்ன நாளில் வரும்’ என்று எழுதுவது நீளம்தான், ஆனால் மறுநாள் தொடர்செய்திக்கும் அதுவே வழி விடுகிறது. தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் 2017 பிப்ரவரியில் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்திகளுக்குப் பயந்து பெற்றோர் பலர் பிள்ளைகளை அனுப்ப மறுத்ததை இங்கே நினைவூட்டுங்கள்; அந்த அச்சத்தின் ஒரு வேர், தடுப்பூசியால் ஆட்டிசம் வருவதாக 1998இல் வெறும் பன்னிரண்டு குழந்தைகளை வைத்து வெளியாகி, 2010இல் இதழே திரும்பப் பெற்ற ஒரு மருத்துவக் கட்டுரை.

செய்தியின் கட்டமைப்புக்குச் செட்டிநாட்டு வீட்டையே காட்டலாம். முகப்பில் நிற்பவருக்கு வளவும் இரண்டாம் கட்டும் கடந்து பின்வாசல்வரை நேராகத் தெரியும். முதல் பத்தியில் என்ன தெரியவந்தது என்பதோடு, அது எந்த அளவு உறுதி என்பதும் தெரிய வேண்டும். ‘எலிகளில் மட்டும்’ என்பதைப் பின்கட்டில் ஒளித்துவைத்தால், பக்கம் கட்டுபவர் இடம் போதாமல் வெட்டும்போது முதலில் போவது அதுதான். தலைப்பை நாளிதழ் அலுவலகத்தில் செய்தியைத் திருத்தும் டெஸ்க்தான் வைக்கும் என்று கைகழுவ வேண்டாம். இரண்டு தலைப்புகளைச் செய்தியோடு எழுதி அனுப்பும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். ஏதாவது ஒன்று பல நாட்களில் அப்படியே ஏறிவிடுகிறது.

விஞ்ஞானியிடம் முழுச் செய்தியையும் காட்டலாமா என்று கட்டாயம் கேட்பார்கள். எண்களையும் அவர் சொன்னதாக வரும் மேற்கோளையும் தொலைபேசியில் படித்துக் காட்டிச் சரிபார்க்கலாம். முழுச் செய்தியை அனுப்பினால், சற்று நேரத்தில் ஆய்வுக் கட்டுரை நடையில் திருத்தப்பட்ட ஒன்று திரும்பி வரும், மனஸ்தாபமும் கூடவே வரும். அந்த விஞ்ஞானியின் ஆய்வில் பங்கில்லாத இன்னொருவரிடம் கருத்துக் கேட்பதையும் கட்டாயமாக்குங்கள். காரைக்குடியிலேயே சிக்ரியும் அழகப்பா பல்கலைக்கழகமும் இருக்கும்போது ஆள் கிடைக்கவில்லை என்பதை ஏற்க வேண்டாம்.

அதன் பிறகு

சான்றிதழைக் கடைசி நாளில் கொடுக்காமல், ஒரு மாதம் கழித்துக் கூடும்போது கொடுங்கள். அதற்குள் ஒவ்வொருவரும் ஒரு செய்தியை அச்சில் கொண்டுவந்திருக்க வேண்டும். விஷயங்கள் சுற்றிலும் கிடக்கின்றன: ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடப்படாமல் எப்படி இறுகுகிறது, சுண்ணாம்புப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்ததாகச் சொல்லப்படுவதற்குச் சான்று என்ன, வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தில் இவ்வாண்டு எண்ணிக்கையை யார், எந்த முறையில் எடுத்தார்கள், ஊருணி தூர்வாரிய பின் பக்கத்துக் கிணற்றில் நீர்மட்டம் எத்தனை அடி ஏறியது.

ஒரு மாதம் கழித்து வரும்போது அச்சான செய்தியோடு, தாம் அனுப்பிய மூலப் பிரதியையும் கொண்டுவரச் சொல்லுங்கள்; இரண்டையும் ஒப்பிட்டு டெஸ்க் என்ன மாற்றியது, ஏன் மாற்றியது என்று பேசுங்கள். முடிந்தால் ஒரு துணை ஆசிரியரையும் அன்று அழைத்து உட்காரவையுங்கள். கிளம்பும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரே ஒரு தாள் இருக்கட்டும்: அதில் மின்கலம், தண்ணீர், காய்ச்சல், பயிர்நோய் என்று துறைவாரியாக, இரவு ஏழு மணிக்கும் தொலைபேசியை எடுப்பதாக முன்கூட்டியே ஒப்புக்கொண்டவர்களின் எண்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு எண்ணையும் நீங்களே அழைத்துப் பார்த்து, எடுக்காதவர்களை நீக்கிவிட்டுப் புதிய தாள் அனுப்புங்கள்.